வடக்கே சூலமும் பந்தாட்டமும்

கோலா சுங்கை பாருவில் கடல் உண்டு, மீன்படகு உண்டு, சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் உண்டு. இரயில் மட்டும் கிடையாது. இரயிலேற விரும்புவோர் மஸ்ஜித் தானா, அலோர் காஜா வழியாகச் சடக்கிலே சென்று பூலாவ் செபாங் நிலையத்தை அடைய வேண்டும். தம்பின் என்பதும் அந்நிலையத்தின் பெயரே. அங்கிருந்து மலாக்காப் பட்டணம் வரை ஒரு கிளைப்பாதை 1905-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சயாம்–பர்மாப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. இரும்பை மட்டுமா கொண்டுபோயினர்? தோட்டங்களிலிருந்து நம் மக்களையும் வண்டி வண்டியாக ஏற்றினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943-இல் முடிந்தது. சென்ற தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. ஆதலின் நம் பக்கத்து முதியோருக்கு இரயில் என்ற சொல்லே நெடுங்காலம் கலக்கத்தைத் தந்துவந்தது. அதனை நாம் மூடத்தனம் என்று சொல்லத் துணியோம். பட்டவர் அச்சம் வேறு, பஞ்சாங்கத்தின் அச்சம் வேறு.

நாம் எழுதப் புகுந்தது இந்த இரண்டாவது அச்சத்தைப் பற்றியே.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, தென்கிழக்காசியக் கிண்ணக் கால்பந்துப் போட்டியின் முதல் இறுதியாட்டம் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நடைபெறவிருந்தது. மலேசியாவும் வியட்நாமும் பொருதின. நம் காலஞ்சென்ற தமையனாரின் மகளுக்கு அப்போது வயது பதினாறு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் குழுவில் பந்தாடுபவள். அதற்கு முன் எட்டு ஆண்டுகளுக்கு இப்பால், 2010-இல், கே. ராஜகோபால் என்ற நம்மவர் பயிற்றுவித்த குழு இதே கிண்ணத்தை முதன்முறையாக நாட்டுக்கு வென்று தந்தது. அக்கதையை அவளுக்குச் சொன்னவர் நாமே. ஆகவே, "சித்தப்பா, என்னையும் அழைத்துப் போங்கள்" என்று அவள் கேட்டபோது மறுக்க நமக்கு வாயில்லை.

வீட்டில் எழுந்த புயலை என்னென்பது! அண்ணியாரின் தாயார் திண்ணையில் அமர்ந்தபடியே தீர்ப்புக் கூறிவிட்டார். "தம்பி, செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். கோலாலம்பூர் வடக்கே அல்லவா? அதுவும் சமைந்த பெண், இராத்திரி வேளை, ஆண்பிள்ளைகள் கூச்சலிடும் இடம்." நாம் பணிவோடு, "அம்மா, பூலாவ் செபாங் நமக்குக் கிழக்கே உள்ளது, முதலில் கிழக்கேதான் போகிறோம்" என்றோம். அவர் சிறிது யோசித்து, அப்படியானால் புறப்படுமுன் பால் குடித்துவிட்டுப் போனால் தோஷமில்லை என்று இறங்கி வந்தார். மூன்று தலைமுறையாகப் பால் மரம் வெட்டியும் இக்குடும்பத்தின் தோஷம் தீர்ந்தபாடில்லை. ஒரு கோப்பைப் பசும்பாலில் தீருமாம்! ஆனால் சூலம் விலகியபின்னும் பெண் என்னும் தடை விலகவில்லை. அதற்குப் பரிகாரம் பஞ்சாங்கத்திலும் எழுதப்படவில்லை போலும்.

அண்ணியார் அதுவரை வாய் திறக்கவில்லை. விடியலில் எழுந்து ஆண்களுக்குச் சமமாய் வேலை செய்து அக்குழந்தைகளை வளர்த்தவர். கடைசியில், "என் தம்பி மகன் இவளைவிட இரண்டு வயது இளையவன். அவன் போகிறேன் என்றால் யாரும் கிழமை பார்த்திருக்கமாட்டீர்கள். இவள் போகட்டும்" என்றார். அவர் குரல் நடுங்கிற்று. அந்த நடுக்கத்தை நாம் இன்றும் மறக்கவில்லை.

பிரயாணத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை இரட்டைப் பாதை போட்டு மின்சாரமும் ஏற்றியபின் நம் நிலையத்துக்கு நல்ல வண்டிகள் வரலாயின. சாளரத்தருகே அமர்ந்து அவள் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் உரக்கப் படித்தாள். பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி நகர இரயிலுக்கு மாறினால் இரண்டாவது நிலையம் புக்கிட் ஜாலில். அந்த இரண்டு நிலையத் தூரந்தான் மலையேறியது போலிருந்தது. நிற்க இடமில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே மஞ்சள் சட்டையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றனர். முன்பின் அறியாத மலாய் மூதாட்டி ஒருவர் நம் பெண்ணைத் தம் கைக்குள் நிறுத்திக்கொண்டார். நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வடத்தை முதலில் யார் தொடுவது என்று சாதிக் கணக்குப் பார்த்து ஆண்டுதோறும் முறைத்துக்கொள்ளும் பெரியவர்களை அந்த வண்டியில் ஒரு தரம் ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றிற்று.

அரங்கில் 88,000-க்கும் மேற்பட்டோர். அரைமணி கழியுமுன் வியட்நாம் இரண்டு கோல் போட்டது. "வடக்கே சூலம் வேலை செய்கிறது, சித்தப்பா" என்று நம் பெண் சிரித்தாள். பிறகு சாருல் சாட் ஒன்றும், இடைவேளைக்குப்பின் சஃபாவி ரஷிட் ஒன்றும் போட, ஆட்டம் இரண்டுக்கு இரண்டாக முடிந்தது. நான்கு நாள் கழித்து ஹனோயில் மலேசியா ஒரு கோலில் தோற்றது, அது சனிக்கிழமை. ஆட்டம் கலைந்தபோது நம் பக்கம் செல்லும் வண்டி நமக்குக் கிட்டவில்லை. பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் ஊர் திரும்பினோம். அந்த ஓர் இரவை முன்னிட்டு ஒரு மாதம் வரை லயத்தில் என்னென்ன பேசப்பட்டன என்பதை இங்கே எழுதக் கூசுகிறோம். அண்ணியார் அவற்றைக் கேட்டும் கேளாதவராய் வேலைக்குப் போய் வந்தார்.

அப்பெண் இன்று ஜெர்மனியில் பொறியியல் பயில்கிறாள். 2024-இல் ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் அந்நாட்டின் பத்து நகரங்களில் நடந்தன. ஆட்டச் சீட்டு வைத்திருந்தோர் அவ்வட்டாரத்து இரயிலிலும் பஸ்ஸிலும் 36 மணி நேரம் தனிக் கட்டணமின்றிச் செல்லலாம் என்ற ஏற்பாடு இருந்ததாம். நள்ளிரவில் ஆட்டம் விட்டுத் தனியாகவும் கூட்டமாகவும் பெண்கள் வீடு திரும்பியதை வியந்து எழுதியிருந்தாள். ஜெர்மானியர் இரயில் கடிகாரம்போல் ஓடும் என்று நாம் எண்ணியிருந்தது பொய்யாயிற்று. அவ்வாண்டில் அங்கே நெடுந்தூர வண்டிகளுள் நூற்றுக்கு அறுபத்திரண்டரையே நேரத்துக்கு வந்தன. அரையிறுதிக்கு டார்ட்மண்ட் செல்லவிருந்த ஹாலந்து ஆட்டக்காரரே, பாதை அடைபட்டதால் இரயிலை விட்டு விமானமேறினர். நம் பெண்ணின் வண்டியும் வயல்வெளியில் ஒன்றரை மணி நேரம் நின்றதாம். "அன்று வியாழன், சித்தப்பா, தெற்கே சூலம் என்று பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று முடித்திருந்தாள்.

அந்நாட்டுப் பெயர் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் தலைமையில் சென்ற மலேசியக் குழு அமெரிக்காவை மூன்று கோலில் வென்றது. அதில் ஆடிய சோ சின் ஆன் நம் அலோர் காஜாவில் பிறந்தவர். அவர் ஊர் வழியாகத்தான் நாம் இரயிலுக்குப் போகிறோம்.

கடிதத்தை அண்ணியார் தம் தாயாருக்கு உரக்கப் படித்தார். கிழவியார் தெற்கே சூலம் என்ற வரி வரை கேட்டு, "பால் அல்ல, வியாழனுக்குத் தைலம்" என்று திருத்தினார். பிறகு, அவள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று வினவினார். லயத்தில் இப்பொழுது மூன்று சிறுமியர் அடுத்த ஆட்டத்துக்குத் தங்களையும் அழைத்துப்போகும்படி நம்மிடம் பெயர் கொடுத்துள்ளனர். ஒருத்தியின் தகப்பனார் மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு அண்ணியாரும் நம்முடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.