ஷானிதாரின் பூக்கள்

ஒரு நூலகத்தின் மாடி அறையில், நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று, தெரிந்தே பொய் சொன்னேன். ஆறு வருடமாகிவிட்டது. இதற்கு மேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கு நியாண்டர்தால் மனிதர்களைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். எப்போதும்போல் பேச்சை ஷானிதார் குகையில் கொண்டுபோய் முடித்தேன். ஈராக்கின் வடக்கே, குர்திஸ்தான் மலைகளில் இருக்கிறது அந்தக் குகை. ரால்ஃப் சொலெக்கி என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1951 தொடங்கி 1960 வரை அங்கே அகழாய்வு செய்தார். பத்து நியாண்டர்தால்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் நான்காம் எண் எலும்புக்கூட்டைச் சுற்றியிருந்த மண்ணை, அர்லெட் லெருவா-குரான் என்ற பிரெஞ்சு மகரந்த ஆய்வாளர் சோதித்தார். பூக்களின் மகரந்தம் கொத்துக் கொத்தாக இருந்தது. நம் செம்பருத்தியின் குடும்பத்தில் வரும் ஹாலிஹாக்கும் அதில் உண்டு. இறந்தவரைப் பூக்களின் மேல் கிடத்திப் புதைத்திருக்கிறார்கள் என்றார் சொலெக்கி. இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். அன்றும் அப்படித்தான்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். ஏழாவது படிக்கிற வயது. மடியில் விரித்த நோட்டு.

"சார், அந்தப் பூவை ஆளுங்கதான் வெச்சாங்கன்னு எப்படி சார் தெரியும்?"

கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். அதற்கான பதிலும் எனக்குத் தெரியும். பாரசீக ஜேர்டு என்ற எலியினம் பூத்தலைகளைக் கடித்து இழுத்துப்போய் வளைக்குள் சேர்த்துவைக்கும். ஷானிதாரில் அவற்றின் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. வளைகள் இருந்ததைச் சொலெக்கியே குறித்திருக்கிறார். மகரந்தத்தைக் கொண்டுவந்தது அந்த எலிதான் என்று 1999-ல் ஜெஃப்ரி சோமர் எழுதிய கட்டுரையைப் படித்து, ஓரத்தில் பென்சிலால் கோடும் போட்டு வைத்திருந்தேன்.

"மனுஷங்க வெக்காம குகைக்குள்ள பூ எப்படிம்மா வரும்?" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எழுதினாள். மேடையிலிருந்து இறங்கும்போது பார்த்தேன்: "ஆதாரம்: மகரந்தம்". அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டை என்னால் மறக்க முடியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்பா காலமான வாரத்தில்தான் ஷானிதார் கதையை முதன்முதலாகப் படித்தேன். வீட்டு வாசலில் சாமந்தி இதழ் காய்ந்து கிடந்த நாட்கள் அவை. அறுபதாயிரம் வருடத்துக்கு முன்னாலும் யாரோ ஒருவர் தன் மனிதருக்குப் பூ வைத்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை விட மனமில்லை. இது காரணம்தான், சமாதானம் இல்லை. என் துக்கத்துக்காக ஒரு குழந்தையின் கேள்வியை அடக்கினேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. அதே பேச்சில், அரை மணி நேரம் முன்பு, மார்செலின் பூலைக் குறை சொல்லியிருந்தேன். பிரான்சில் லா ஷபெல்-ஓ-செய்ன்ட் என்ற ஊரில் 1908-ல் கிடைத்த எலும்புக்கூட்டை ஆராய்ந்து, நியாண்டர்தாலை முழங்கால் மடங்கிய, கூன்விழுந்த அரைமிருகமாக எழுதியவர் அவர். அந்த எலும்புக்கூட்டுக்குரிய முதியவர் மூட்டுவாதத்தில் முடங்கியவர் என்பதை எடுத்துக்காட்டி, 1957-ல் அந்தச் சித்திரத்தைத் திருத்தினார்கள். "பூல் தான் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தார்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நான் செய்ததும் அதேதான். அவராவது தான் எழுதியதை நம்பினார்.

2023-ல் கிறிஸ் ஹன்ட்டும் சக ஆய்வாளர்களும் அந்த மகரந்தக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ஒரே கொத்தில் பலவகைச் செடிகளின் மகரந்தம் கலந்திருந்தது. அவற்றில் சில வெவ்வேறு பருவத்தில் பூப்பவை. முழுப்பூக்களைப் பரப்பியிருந்தால் இப்படி வராது. மண்ணில் கூடு கட்டும் தனித்தேனீக்கள் சேர்த்தது என்பது அவர்கள் கருத்து. படித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அதே குகையின் முதலாம் எண் மனிதரை நான் இரண்டே வரியில் கடந்துபோயிருந்தேன். இடது கண்ணருகே பலத்த அடி. அந்தக் கண்ணில் பார்வை போயிருக்கக்கூடும். வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லாமலே போயிருந்தது. நடையிலும் ஊனம். 2017-ல் மறுபடி சோதித்தவர்கள், காதுத் துளையில் எலும்பு வளர்ந்து கேட்கும் திறனும் வெகுவாகக் குறைந்திருக்கும் என்றார்கள். அடிபட்ட காயங்கள் ஆறியிருக்கின்றன. அதற்குப் பின்னும் பல வருடம் வாழ்ந்து, நாற்பது வயதை ஒட்டி இறந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் பார்த்துக்கொள்ளாமல் இது நடந்திருக்குமா? இந்தக் கேள்வியை அந்த எலும்புகளே எழுப்புகின்றன, எந்த எலியும் கொண்டுவந்து போடவில்லை. அவரைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். பூ கண்ணை மறைத்துவிட்டது.

அந்தக் குகையில் இறந்தவர்களை வேண்டுமென்றே கிடத்தினார்கள் என்பதற்கு, 2018-ல் அங்கே வெளிப்பட்ட இன்னொரு உடலும் வலுச் சேர்த்திருக்கிறது. பூ விஷயம் வேறு.

அந்த நோட்டு வைத்திருந்த பெண் இப்போது கல்லூரி வாசலில் நிற்பாள். அம்மா, உன் கேள்வி சரி. என் பதில் தப்பு. என் பேச்சைக் கேட்ட எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: "ஆதாரம்: மகரந்தம்" என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் அதை அடித்துவிட்டு, "எலியாக இருக்கலாம், தேனீயாக இருக்கலாம், மனிதர் வைத்ததென்று சொல்ல இது போதாது" என்று எழுதிக்கொள்ளுங்கள்.