கூட்டுக் கணக்கு

பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு 555 என்று அட்டையில் அச்சிட்ட அந்தச் சிறு குறிப்பேட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மளிகைக் கடைக் கடனும் தேநீர்க் கடைக் கணக்கும் அதில்தான் ஏறும். சட்டைப் பையில் அடங்கிவிடும். மழையில் நனைந்தால் எழுத்து கரைந்துவிடும். என் தாயார் காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, திருமணப் புடைவைக்கு அடியில் அத்தகைய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அட்டை மங்கியிருந்தது. உள்ளே எழுத்து கரையவில்லை. முதல் பக்கத்தில் 1969, செப்டம்பர் என்றிருந்தது. அதன் கீழே இருபது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 10 வெள்ளி, 50 காசு என இரண்டு பத்திகள். பின்பக்கங்களில் ‘முட்டை 6’, ‘பால் டின் 2’, ‘திரிஷா வாடகை வாங்கவில்லை’ என்பன போன்ற குறிப்புகள். அந்தக் கையெழுத்து யாருடையது என்பதை நான் பார்த்தவுடனேயே அறிந்துகொண்டேன். மண்டோர் மாமாவின் எழுத்து அது.

என் தந்தையார் 1936ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அக்காலத்தில் வந்திறங்கிய தொழிலாளர்களை உடனே ஊருக்குள் விடமாட்டார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். ஆக, மலாயா மண்ணில் அவர் முதலில் மிதித்தது அந்தத் தீவைத்தான். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கப்பலிலிருந்து சரக்கை இறக்கிவரும் தொங்கான்களில் மூட்டை சுமந்து வெல்ட் கீ கரையில் சேர்ப்பதே அவருக்குத் தொழிலாயிற்று. அரிசியும் சர்க்கரையும் கொப்பரையும் அவர் தோளில் ஏறி இறங்கின. அந்தக் குழுவுக்கு மண்டோராக இருந்தவரைத்தான் நாங்கள் மண்டோர் மாமா என்று அழைத்தோம். உறவினர் அல்லர். அப்பாவின் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவர், அவ்வளவே.

1969ஆம் ஆண்டின் நடுவில், ஒருநாள் நடைபலகையில் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்த அப்பா இருமினார், இரத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்துக் காசநோய் என்றார்கள். அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதினொரு வயது. “ஜெரஜாக்குக்கு அனுப்பிடுவாங்களா?” என்று அம்மா மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டேயிருந்தார். தொழுநோயாளரையும் பின்னர் காசநோயாளரையும் தங்கவைத்த தீவு என்பதால் எங்கள் தெருவில் அதன் பெயரைச் சொன்னாலே பெண்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். அந்த ஆண்டிலேதான் அத்தீவு சிறைச்சாலையாக மாற்றப்பட்டது என்பது அம்மாவுக்குத் தெரியாது. அச்சம் எப்போதும் பழைய செய்தியை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறது போலும்.

மருத்துவமுறையும் அதற்குள் மாறியிருந்தது. சென்னை நகரத்துக் காசநோய் ஆய்வு நிலையத்தில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, நோயாளிகளில் ஒரு பிரிவினரை மருத்துவ விடுதியிலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் அதன் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். விடுதியிலிருந்தவர்கள் நல்ல உணவும் ஓய்வும் பெற்றும் அதனால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக ஆபத்து நேரவும் இல்லை. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவைத்த ஆய்வு அது. தமிழ் பேசும் ஏழைகளின் குடிசைகளில் நிகழ்ந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஒரு பெருமிதம் உண்டு. ஆனால் இவற்றை யான் படித்தறிந்தது பல்லாண்டுகளுக்குப் பின்னர். அன்று எங்கள் வீட்டு வாசலைக் கடந்தவர்கள் எவரும் அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லர். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சென்ற அண்டைவீட்டாரையும் நான் குறை கூறமாட்டேன். அப்பாவின் சொந்தத் தம்பி நான்கு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்குக் கைக்குழந்தைகள் இருந்தன.

வேலை போயிற்று, கூலியும் நின்றது. நாட்கூலிக்கு உழைத்தவருக்கு நோய்க்கால ஊதியம் என்ற பேச்சே இல்லை. மூன்றாம் வாரத்தில் மண்டோர் மாமா வந்தார். அப்பா படுத்திருந்த கயிற்றுக் கட்டிலுக்கு அருகிலேயே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கைப் பொத்தவில்லை.

“தம்பி, கூட்டு ஒன்னு பிடிக்கிறோம். இருவது பேரு. ஆளுக்குப் பத்து வெள்ளி. மொதச் சீட்டு ஒனக்கு.”

“எனக்குப் பிச்சை வேணாம்ணே.”

“பிச்சைன்னா யாரு சொன்னா? கூட்டுடா இது. நீயும் ஒரு ஆளு. ஒம் பேரும் எழுதியாச்சு.”

தமிழகத்தில் சீட்டு என்று சொல்வதைத்தான் இங்கே கூட்டு என்கிறோம். இருபது பேர் மாதம் பத்து வெள்ளி கட்டினால் இருநூறு வெள்ளி சேரும். மாதம் ஒருவர் எடுப்பார். இருபது மாதத்தில் எல்லோருக்கும் ஒருமுறை வந்துவிடும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, முகம் ஒன்றே பிணை. இதை வணிகமாக நடத்தி ஏமாற்றியவர்களும் இருந்தமையால் 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் என்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலும் மொழிபெயர்க்கப்படாமல் ‘கூட்டு’ என்ற தமிழ்ச் சொல்லே நின்றது! அந்த ஒரு சொல்லை இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியவர்கள் புலவர்கள் அல்லர், எங்கள் கூலிக்காரர்களே என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

முதல் சீட்டை அப்பா எடுத்தார். ஆனால் எடுத்தவர் எஞ்சிய பத்தொன்பது மாதமும் கட்டியாக வேண்டுமே! அதற்குத்தான் அந்த 50 காசுப் பத்தி. மற்றப் பத்தொன்பது பேரும் தத்தம் பத்து வெள்ளியோடு ஆளுக்கு ஐம்பது காசு கூடுதலாகப் போட்டார்கள். அது ஒன்பது வெள்ளி ஐம்பது காசாகும். குறைந்த ஐம்பது காசைத் தெருமுனைத் தேநீர்க் கடைப் பாய் போட்டார். இவ்வாறு அப்பாவின் தவணை மாதந்தோறும் அவர் பெயரிலேயே கட்டப்பட்டது. அவருக்கு இது தெரியாது. அம்மா உண்டியலில் சேர்த்துக் கட்டுவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் உண்டியலே கிடையாது.

பணம் ஒரு பகுதி. மறு பகுதி உடலுழைப்பு. முதல் சில மாதங்கள் நாள்தோறும் ஊசி போட வேண்டும். விடியற்காலையில் திரிஷாக்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்பார்; சவாரி தொடங்குவதற்கு முன் அப்பாவை மருத்துவமனையில் இறக்கிவிட்டுப் போவார். அத்துடன் விழுங்கவேண்டிய ஒரு மருந்து இருந்தது; கசப்பும் குமட்டலும் தாளாமல் பலர் அதைச் சாக்கடையில் கொட்டிவிடுவார்களாம். அப்பாவும் கொட்டினார். அதைக் கண்டுபிடித்தவர் மண்டோர் மாமா. அன்றிலிருந்து மாலை வேலை முடிந்ததும், அழுக்குச் சட்டையோடு யாராவது ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்து, அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை எழமாட்டார். பிற்காலத்தில் நேரடிக் கண்காணிப்பில் மருந்தளித்தல் என்று உலக நாடுகள் வகுத்துக்கொண்ட முறையை எங்கள் வீட்டுத் திண்ணையில் மூட்டை தூக்குகிறவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். உணவால் வேறுபாடில்லை என்று சென்னை ஆய்வு கூறலாம். அந்த ஆறு முட்டைகளில் நான்கை உண்டவர்கள் நானும் என் தங்கைகளும் என்பதை அது அறியாது.

இலக்கியம் படிக்கத் தொடங்கிய வயதில் புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தபோது, அவருடைய இறுதி நாட்களை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. திரைப்படத் தொழிலை நம்பிப் புனாவுக்குச் சென்றவர் காசநோயோடு திரும்பி, 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். வயது நாற்பத்திரண்டு. மனைவி கமலாவும் சின்னஞ்சிறு மகளும் எஞ்சினர். அக்குடும்பத்துக்காக நண்பர்களும் வாசகர்களும் நிதி திரட்டினார்கள். அவருடைய நண்பர் ரகுநாதன் 1951இல் வரலாற்றை எழுதினார். அதே 1948ஆம் ஆண்டின் அக்டோபரில்தான் ஸ்டிரெப்டோமைசின் ஊசி காசநோயைக் கட்டுப்படுத்தும் என்ற முறையான ஆய்வு முடிவு இங்கிலாந்தில் அச்சேறியது. நான்கு மாதம்! தமிழ்ச் சிறுகதையின் பேராசான் ஒருவருக்குக் கிட்டாத மருந்து, இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, கையெழுத்துப் போடத் தெரியாத என் தந்தைக்குக் கிட்டியது. அந்நிதி மரணத்துக்குப் பின் குவிந்தது. எங்கள் நிதி மரணத்தை முந்திக்கொண்டது. தகுதியால் நேர்ந்த வேறுபாடா இது? காலத்தால் நேர்ந்தது.

1970 வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டம் அதற்கு முந்திய ஆண்டு நடைமுறைக்கு வந்திருந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் இங்கேயே உழைத்தும், ஒரு விண்ணப்பத்தை நிரப்பாமல் விட்ட குற்றத்துக்காக நாடற்றுப் போனவர்கள் அவர்கள். மண்டோர் மாமாவும் அவர்களில் ஒருவர். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர், பிறருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர், தமக்கு எழுதவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது.

அவர் அதுவரை பதினொரு தவணை, அதாவது 110 வெள்ளி கட்டியிருந்தார், சீட்டு எடுக்கவில்லை. ஜூலைச் சீட்டை எடுத்துக்கொண்டு போகும்படி எல்லோரும் வற்புறுத்தினர். அந்த மாதச் சீட்டு, மகளுக்குத் திருமணம் வைத்திருந்த ஒருவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. மாமா எடுக்கவில்லை. கட்டிய பணத்தையும் திரும்பப் பெறவில்லை. அவர் விலகினால் எஞ்சிய எட்டுச் சீட்டுகளிலும் பத்துப் பத்து வெள்ளி குறையும். அந்த எண்பதை அதிலிருந்து நிரப்பிக்கொள்ளச் சொன்னார். மீதி முப்பது? குறிப்பேட்டில் அவர் எழுத்திலேயே இருக்கிறது: ‘30 – தம்பி மகன் ரிமூவ் வகுப்புக்கு.’ தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நாங்கள் ஓராண்டு அந்த வகுப்பில் இருந்தாக வேண்டும். 1971இல் நான் அணிந்த வெள்ளைச் சட்டையும் காலணியும் அந்த முப்பது வெள்ளியில் வாங்கியவை.

இரஜூலா கப்பல் புறப்பட்ட அன்று அப்பா முதன்முறையாகத் துறைமுகம்வரை நடந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. “மருந்தைக் கொட்டாதே” என்றார் மாமா.

அப்பா பிழைத்தார். மூட்டை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் ஒரு கிடங்கில் ஜாகா வேலை பார்த்தார். துறைமுகத்துச் சரக்கு வேலையும் மெல்ல மெல்ல அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அந்த இருபதின்மர் சிதறிப்போயினர்.

1974இல் ஓர் அஞ்சலுறை வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். சுகம் விசாரித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, கடைசி வரியில், தமக்கும் ‘உன் வியாதி’ கண்டிருப்பதாகவும், தஞ்சாவூருக்குப் போய்வர வண்டிச் செலவுக்குக்கூட இயலவில்லை என்றும் மாமா எழுதியிருந்தார். அப்பா அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரே தொங்கானில், ஒரே தண்ணீர்க் குவளையில் குடித்து, இருமல் தொடங்கியபின்பும் மாதக்கணக்கில் அருகருகே வேலை செய்தவர்கள் இருவரும். மருந்து தொடங்கியபின் நோயாளியால் அபாயம் குறைவு. நோய் தொற்றுவது பெரும்பாலும் அதற்கு முன்பே என்று பிற்காலத்தில் நான் படித்த ஆய்வுகள் சொல்லின. திண்ணையில் அமர்ந்து மருந்து விழுங்கவைத்த மாலைகளால் அது வந்திராது என்று அவற்றைக் கொண்டு என்னைத் தேற்றிக்கொள்ளலாம். ஊரில்தான் தொற்றியது என்றும் கொள்ளலாம். அங்கு அந்நோய்க்கா பஞ்சம்? அப்பா எதையும் படித்ததில்லை. அவர் எப்படித் தேற்றிக்கொண்டாரோ, அறியேன். அதைப் பற்றி அவர் இறக்கும்வரை வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். பழைய குழுவில் பினாங்கில் அகப்பட்டவர்கள் ஐவர். தேநீர்க் கடைப் பாயையும் சேர்த்து அறுவர். ஆளுக்குப் பத்து வெள்ளி. அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து 25 வெள்ளி கொடுத்தார். மொத்தம் 85. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. அது என் கையெழுத்து. மணியார்டர் அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து, பெறுநர் காலமானார் என்ற குறிப்போடு பணம் திரும்பி வந்தது.

அப்பா அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் வீடு வீடாகப் போனார். ஐவரும் தத்தம் பத்து வெள்ளியைப் பெற்றுக்கொண்டனர். அவர்களுக்கும் அது தேவைப்பட்டது. பாய் மட்டும் வாங்க மறுத்துவிட்டார். அதையும் அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ‘மீதம் 35’ என்று எழுதியபின் வழக்கம்போல் கீழே கோடு போடப் பென்சிலைக் கொண்டுபோனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.