ரொட்டியின் மேல் ஆலங்கட்டி

சென்ற சித்திரையில் பத்து நாள் விடுப்புப் பெற்று, பாலக்காட்டிலிருந்து என் மனைவி பிறந்த ஊராகிய வட்டவடைக்குப் புறப்பட்டோம். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, ரயில் இல்லாத ஊருக்குச் செல்வதில் தனி இன்பம் உண்டு. ஆலுவாயில் ரயிலை விட்டிறங்கி, அடிமாலி வழியாக மூணாறு சேர்ந்தோம். வழியில் வெப்பமான மலைச்சரிவுகளில் கொக்கோ மரங்கள் காய்த்திருந்தன. பின்னர் மாட்டுப்பட்டி, குண்டளை கடந்து டாப் ஸ்டேஷனை அடைந்தோம். அப்பெயர் வெறும் பெயரன்று. 1908 முதல் அம்மலைமீது ஒரு சிறு ரயில் ஓடிற்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்துவிட்டது.

அங்கிருந்து பாம்பாடும் சோலைக் காட்டைத் தாண்டினால் வட்டவடை. கேரள ராஜ்யமாயினும் ஊரெங்கும் தமிழ்ப் பேச்சே ஒலிக்கும். படிப்படியான வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்றன. காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எங்களுக்கு முன்பே, ஒல்லாந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் வாழும் என் மனைவியின் தமக்கை, தன் எட்டு வயது மகனுடன் அங்கு வந்திருந்தார். மறுநாள் காலை என் மாமியார் கேழ்வரகுக் களி கிண்டி, பூண்டுக் குழம்புடன் பேரன்முன் வைத்தார். பையன் தட்டைத் தள்ளிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தான். ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, கடுகினும் சற்றே நீண்ட சாக்கலேட் மணிகளை அதன்மேல் மழையாகச் சொரிந்தான்.

"அதென்னய்யா, எறும்பா?" என்றார் மாமியார்.

"ஹாகல்ஸ்லாக், அம்மாச்சி. ஆலங்கட்டி மழைன்னு அர்த்தம்!"

அம்மாச்சியின் முகம் வாடிற்று. "ஆலங்கட்டி விழுந்தா எங்க வெள்ளாமையே போயிரும். அதையா சாமி ரொட்டியில போட்டுத் திங்கிறீக? என் களி உனக்கு ஆகலியா?" என்றார். தமக்கையார் தலைகுனிந்து, "விடியுமுன்னே நான் வேலைக்குப் போகணும், அம்மா. அங்கே எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் திங்குது" என்றார். அன்று அவ்விருவரும் அதிகம் பேசவில்லை.

நேயர்களே! இவ்வழக்கம் மிகப் பழமையானது என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் அத்தேசத்தில் சோம்பு மணமுள்ள சர்க்கரை மணிகள் ரொட்டிக்கென வந்தது 1919-இல். வென்ஸ் என்னும் கம்பெனி சாக்கலேட் மணிகளைச் செய்தது 1936-இல்தான். குறிப்பிட்ட அளவேனும் கொக்கோ இருந்தாலன்றி அதனைச் சாக்கலேட் மணி என்று விற்கலாகாது என்பது அங்குள்ள விதி. ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவிலும் 'மெசஸ்' என்ற பெயரில் இதனை ரொட்டியில் தூவி உண்கின்றனர். நம் நாகப்பட்டினத்தை அவர்கள் 1658 முதல் 1781 வரையும், கொச்சியை 1663 முதல் 1795 வரையும் ஆண்டனர். அக்காலத்தில் இம்மணிகள் பிறக்கவே இல்லை. ஒரு தேசத்தின் பரம்பரை வழக்கம் என்று நாம் வியப்பது, சில பாட்டிமார் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது!

ஐந்தாம் நாள் டப்பா காலியாயிற்று. பையன் வெறும் ரொட்டியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான். மாமியார் ஒன்றும் சொல்லாமல் மறையூர் வெல்ல உருண்டையொன்றைக் கத்தியால் மெல்லச் சீவி, வெண்ணெய் தடவிய ரொட்டிமேல் தூவினார். அவன் ஒரு கடி கடித்தான். மற்றொரு துண்டு கேட்டான். மறுநாள் சுடச்சுடக் கேழ்வரகு அடைமேல் அதே வெல்லத்தைத் தூவினார். அதையும் உண்டான். களியை மட்டும் கடைசிவரை தொடவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

புறப்படும் நாளில் மாமியார் இரண்டு கிலோ வெல்லத்தைச் சீவி உலர்த்திக் கொடுத்தார். பார்சல் கட்டுவது எனக்குப் பழகிய வேலையாதலால், துணியில் வைத்து நானே தைத்தேன். "மாப்பிள்ளை, நல்லா இறுக்கித் தைங்க. வழியில கொட்டிறப் போகுது" என்றார் அவர். பக்கத்திலிருந்த தமக்கையார், "கேழ்வரகு மாவும் கொஞ்சம் வையுங்கள், அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடை தட்டுவேன்" என்றார்.

தைத்த பார்சலை மறுபடியும் பிரித்தேன். அவ்வளவு மகிழ்ச்சியுடன் நான் ஒரு பார்சலையும் பிரித்ததில்லை.