பல்லு போனா சொல்லு போச்சு!

முப்பது வயதைத் தாண்டிவிட்டால் புதிதாக நண்பர்கள் கிடைப்பது குதிரைக் கொம்பு. பள்ளித் தோழிகள் திருமணமாகி வேறு மாநிலம் போய்விடுகிறார்கள். அலுவலக நட்பு பெரும்பாலும் அலுவலகத்தோடு முடிந்துவிடுகிறது. ஜொகூர் பாருவில் நிலைமை இன்னும் மோசம். இங்கே பலர் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். விடுமுறை நாள் வந்தால் தூங்கத்தான் தோன்றும்.

என் நிலை வேடிக்கையானது. நான் வானொலி அறிவிப்பாளர். முகம் தெரியாத நேயர்களிடம் தினமும் வீட்டுப் பெண் போலப் பேசுகிறேன். ஒலிபரப்பு அறைக் கதவைத் திறந்து வெளியே வந்தால், சேர்ந்து ஒரு தே தாரிக் குடிக்க ஆள் இல்லை.

"எங்க ரக்பி பயிற்சிக்கு வாங்களேன். ஒண்ணுமே தெரியாதவங்களும் வரலாம்" என்று உடன் பணியாற்றும் ஒருவர் அழைத்தார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "பல்லு போனா சொல்லு போச்சுடி! வாயை வச்சுப் பொழைக்கிறவளுக்கு இது தேவையா?" என்றார். நியாயமான கேள்வி. பல் மருத்துவரைப் பார்த்து, வாயில் மாட்டும் பற்கவசம் வாங்கிக்கொண்டுதான் திடலுக்குப் போனேன்.

இஸ்கண்டார் புத்ரியில் அனைத்துலகப் பள்ளிகளும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகளும் இருக்கின்றன. அங்கே பாடம் நடத்த வந்தவர்கள், நியூசிலாந்துக்காரர்கள், உள்ளூர் மலாய் இளைஞர்கள், ஒரு சீனக் கணக்காளர், இரவு வேலை முடித்து வந்த தாதி என்று திடலில் கலவையான கூட்டம். ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. "காலணி என்ன அளவு?" என்றுதான் கேட்டார்கள். கிளப் பெட்டி நிறையப் பழைய காலணிகள் இருந்தன.

எங்கள் கிளப்பில் புதியவர்கள் முதலில் ஆடுவது டச் ரக்பி. ஆளை மோதி வீழ்த்துவது கிடையாது, கையால் தொட்டால் போதும். ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். களத்தில் அணிக்கு ஆறு பேர். பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை தொட்டுவிட்டால் பந்து கைமாறும். சடுகுடு பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். ஆனால் பந்தோடு ஓடுபவரின் கண் முன்னால்தான் இருக்கும். எனவே பின்னால் வருபவர் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். "இடப் பக்கம் இருக்கேன்!" "இதோ பின்னாலயே வர்றேன்!" எனக்குக் கால் வேகம் இல்லை, குரல் இருந்தது. தனி அறையில் பேசியே பழகியவளுக்கு, தன் குரலை நம்பி ஒருவர் அந்த நொடியே பந்தைக் கையில் தருவது புது அனுபவம். அந்த ஒரு விஷயத்துக்காகவே அடுத்த வாரமும் போனேன்.

"வெள்ளைக்காரன் விளையாட்டு நமக்கெதுக்கு?" என்று மாமா கேட்டார். 1921இல் இங்கு வந்த எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் சார்பில் இரண்டு கோப்பைகள் வழங்கப்பட்டன. ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. பத்துப் பேர் ஆடும் ரக்பி 1967இல் நம் நாட்டில்தான் பிறந்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதும் கல்கத்தா கோப்பையோ, கல்கத்தாவில் கலைக்கப்பட்ட ஒரு கிளப்பின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. அதன் கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியில் யானை! இதையெல்லாம் சொன்னதும் மாமா, "அப்படின்னா சரி, ஆடு" என்றார்.

இந்த நட்பில் வலியும் உண்டு. வெளிநாட்டினரின் வேலை ஒப்பந்தம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தந்த நியூசிலாந்துக்காரப் பெண் சென்ற ஆண்டு ஊர் திரும்பினார். கிளம்பும் முன் தன் காலணியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த வாரம் திடலில் இரண்டு புது முகங்கள். காலணி அளவு கேட்டது நான்.

போன மாதம் ஒரு தமிழ் அப்பா, கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்தார். "அடி படாதுங்களாம்மா?" என்றார். மறைக்காமல் சொன்னேன். டச் ரக்பியிலும் கால் சுளுக்கும், விரல் வீங்கும். மோதி ஆடும் ரக்பியில் காயம் இன்னும் அதிகம். அதனால்தான் அதில் தோளுக்கு மேல் பிடிப்பது குற்றம். தலையில் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வெளியேற வேண்டும், அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்கக் கூடாது.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் ஒரு நாள் பயிற்சியை உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் யார், புதியவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டா, முதலுதவிக்கு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் காலணி, பற்கவசம், தண்ணீர்ப் புட்டியோடு அனுப்புங்கள்.

அந்த அப்பா இரண்டு வாரம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது வாரம் அரைக்கால் சட்டையோடு வந்து நின்றார். காலணி அளவு ஒன்பதாம்.