நோன்பும் பால் கொடுக்கும் பெண்ணும்

மாசியும் பங்குனியும் கூடும் வேளையில்தான் காரடையான் நோன்பு. சில வருஷம் விடியற்காலையிலேயே வந்துவிடும். 2025-ல் மாலை 6.30 மணிக்கு மேல்!

பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண், மூன்று மாசக் குழந்தைக்குப் பால் கொடுப்பவள், "நானும் பட்டினி இருக்கேம்மா. சாப்பிட்டா அவருக்கு ஏதாவது ஆயிடுமோ?" என்றாள். அந்த வெயிலில் வெறும் வயிற்றோடு எத்தனை தடவை பால் கொடுப்பாள்? "பச்சைக் குழந்தைக்காரிக்கு எதுக்குடி பட்டினி?" என்று அதட்டி, கஞ்சியும் வாழைப்பழமும் கொடுத்தேன். (என் மாமியார் முகம் சுருங்கத்தான் செய்தது.)

சாயங்காலம், வறுத்த அரிசி மாவில் காராமணியும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, வெல்ல அடை, உப்படை இரண்டும் இட்லித் தட்டில் வேக வைத்தோம். நுனி இலையில் அடை, வெண்ணெய், மஞ்சள் சரடு. பேத்திக்குச் சரடு கட்டியது மாமியார்தான். கட்டிவிட்டு, "சீக்கிரம் சாப்பிடுடி, குழந்தை முழிச்சுக்கும்" என்றார். பசுவுக்கு இரண்டு அடை எடுத்து வைத்தேன்.