பழைய துணிக்குப் பாத்திரம்

எங்கள் தெருவில் முன்பெல்லாம் பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு ஒரு குரல் கேட்கும். "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று. தலையில் பளபளவென்று எவர்சில்வர் கூடை. தோளில் துணி மூட்டை. திண்ணையில் கூடை இறங்கியதும் பேரம் தொடங்கும். இரண்டு புடவையும் நாலு கால்சட்டையும் போனால் ஒரு டபரா வரும். அதற்கும் "கிழிசல் இருக்கே, அம்மா!" என்று ஒரு குறை சொல்லித்தான் வரும்.

அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். 2024-ஆம் வருஷம் கோடையில், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்திலே, என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் இருபது பனியன்கள் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தபோது அது திரும்பவும் காதில் விழுந்தது.

பனியன் என்று நான் சொன்னால் பேரன் ஒப்புக்கொள்ள மாட்டான். "டீ ஷர்ட், தாத்தா!" என்று திருத்துவான். அவனுக்குப் பதினெட்டு வயசு. ஆகஸ்டு மாதம் கல்லூரி விடுதிக்குப் புறப்பட வேண்டும். அந்த ஊரில் பிள்ளை படிப்பு முடித்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அவன் சின்ன வயசு முதல் போட்ட சட்டைகளை வெட்டி, இணைத்து, பஞ்சு வைத்துப் போர்வையாகத் தைத்துக் கொடுப்பது பல தாய்மார்களின் வழக்கம். 'குவில்ட்' என்று பெயர். கால்பந்தாட்டக் குழுச் சட்டை, பள்ளிக்கூட வாத்தியக் குழுச் சட்டை, கோடை முகாம் சட்டை என்று பையனின் சரித்திரமே மேஜைமேல் கிடந்தது.

"நல்ல துணியை வெட்டுவார்களா, அம்மா?" என்றேன்.

"வெட்டாம வெச்சா பெட்டியிலதானேப்பா கிடக்கும்?" என்றாள் மகள்.

வேலை நான் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. டீ ஷர்ட் துணி நெய்தது அல்ல, பின்னியது. இழுத்தால் நீளும், தைத்தால் கோணும். அதனால் ஒவ்வொன்றின் முதுகிலும் பசைத் துணி ஒன்றை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்ட வேண்டும். எழுத்தும் படமும் அச்சடித்த இடத்தில் சூடான பெட்டியை நேரே வைத்தால் அச்சு உருகிப் பெட்டியோடு வந்துவிடும். நடுவே ஒரு துணி வேண்டும். பிறகு 15½ அங்குலச் சதுரமாக வெட்டுவது. தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் போக மிஞ்சுவது 15 அங்குலம். அகலத்தில் நாலு, நீளத்தில் ஐந்து.

முதல் சட்டையின்மேல் அளவுகோலை வைத்துவிட்டு என் மகள் வெகு நேரம் நின்றாள். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு தரம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் பாலே இல்லை. அப்புறம்தான் வெட்டினாள்.

கழுத்துப் பட்டைகள் ஒரு பக்கம் குவிந்தன. வேறு வேலை இல்லாததால் அவற்றில் தைத்திருந்த சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஹோண்டுராஸ், எல் சால்வடோர், வங்காள தேசம். கடைசியாக ஒரு சின்ன மஞ்சள் சட்டை. அதை எனக்குத் தெரியும். 2011-இல் திருப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் மனைவி பேரனுக்கென்று கடைத்தெருவில் பொறுக்கி வாங்கியது அது. ஐந்து வயசுப் பிள்ளையின் சட்டையில் 15 அங்குலத்துக்கு எங்கே போவது? சுற்றிலும் நீலத் துணி வைத்து அளவைச் சரிக்கட்டினாள் மகள். 2016-இல் காலமான பாட்டிக்கும் அந்தப் போர்வையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

சதுரங்களை இணைப்பதுவரைதான் வீட்டு வேலை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பதற்கு வீட்டுத் தையல் இயந்திரம் போதாது. அதன் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடம். அதற்குள் முழுப் போர்வையைத் திணிப்பது யானையைப் பானைக்குள் அடைக்கிற காரியம். ஆகவே பக்கத்து ஊரில் 'லாங் ஆர்ம்' இயந்திரம் வைத்திருந்த ஓர் அம்மாளிடம் போனோம். நெடுங்கை என்று நான் தமிழாக்கிக்கொண்டேன்.

அதைப் பார்க்க வேண்டுமே! பன்னிரண்டு அடி நீளச் சட்டம். அதில் உருளைகள், உருளைகளில் துணி விறைப்பாக நிற்கிறது. நம் வீட்டில் இயந்திரம் நிற்கும், துணி நகரும். இங்கே துணி நிற்கிறது, இயந்திரம் தண்டவாளத்தில் நகர்கிறது. அந்த அம்மாள் பின்புறம் நின்று, காகிதத்தில் வரைந்த கோலத்தின்மேல் ஒரு சிவப்பு ஒளிப் பொட்டை ஓட்டினாள். முன்புறம் ஊசி அதே கோலத்தைத் துணியில் போட்டுக்கொண்டு போயிற்று. கை வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் தையலின் நீளம் மாறாதபடி இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. கூலி சதுர அங்குலக் கணக்கு. 60-க்கு 75 என்றால் 4,500 சதுர அங்குலம். பத்திரிகைகள் எங்களுக்குப் பக்கக் கணக்கில் கொடுப்பதுபோலத்தான்!

கனத்த அச்சு வந்த இடங்களில் அவள் நிதானித்தாள். துணியில் விழுந்த துளை துவைத்தால் மூடிக்கொள்ளும். அச்சில் விழுந்த துளை அப்படியே நிற்கும் என்றாள்.

சுவரில் ஒரு பழைய போர்வையின் படம் இருந்தது. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் மிசௌரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்மணி 1942-இல் தைத்தது. கணவன் இறந்ததும் அவன் வயலில் உடுத்திய துணிகளை வெட்டித் தைத்து, அவன் நினைவாகப் போர்த்திக்கொண்டாளாம். சாயம் போன நீலமும் சாம்பலும். முழங்கால் பட்ட இடம் எது என்றுகூடத் தெரிவதுபோல இருந்தது.

அதைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. காரில் திரும்பும்போது மகளிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லாத சமாசாரம்.

அவள் 1999-இல் அமெரிக்கா போனாள். அவளுடைய பாவாடைகள், தாவணிகள், பள்ளிக்கூடச் சீருடை எல்லாவற்றையும் என் மனைவி ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். 2001-இல் அவள் மதுரைக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்த சமயம். வீட்டை ஒழுங்கு செய்கிறேன் என்று கிளம்பினேன். தெருவில் அந்தக் குரல் வந்தது. பெட்டியோடு கொட்டிக் கொடுத்துவிட்டு, மூடி போட்ட ஒரு தூக்கு வாங்கினேன். என் பேரத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி திரும்பி வந்து காலிப் பெட்டியைப் பார்த்தாள். தூக்கைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "நல்ல கனமாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

பெண் மனத்தை எழுதுகிறவன் என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கியவன் நான். அந்த மூன்று வார்த்தையைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவள் போன பிறகு பரணை ஒழித்தபோது தூக்கு கிடைத்தது. பதினைந்து வருஷமாக அதில் ஒரு பிடி உப்புக்கூட வைக்கவில்லை. அடியில் கம்பெனிச் சீட்டு ஒட்டினபடியே இருந்தது.

மகள் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

"தெரியும்ப்பா. அம்மா அப்பவே போன்ல சொல்லிட்டாங்க. உங்ககிட்டக் கேட்க வேண்டாம்னும் சொன்னாங்க."

நான் பேசவில்லை.

"அந்தத் தூக்கு இருக்காப்பா?"

"இருக்கு."

"அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க."

பேரன் போர்வையை எடுத்துப் போகவில்லை. விடுதியில் அழுக்காகிவிடும், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். அது என் மகளின் கட்டிலில் இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி புறப்படுகிறேன். தூக்கைப் பெட்டியில் முதலாவதாக வைத்துவிட்டேன். சீட்டை மாத்திரம் உரிக்கவில்லை.