எப்போது நிற்கிறது?

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தங்கை வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். தங்கையின் கணவருக்குப் பழைய கார் ஒன்றின் மீது தீராத மோகம். 1969இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அதே நகரின் கான்லி பகுதியில் இருந்த தொழிற்சாலையில் பிறந்தது. தொழிற்சாலை இன்று இல்லை. கார் இருக்கிறது; ஆனால் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடுவதில்லை.

பெட்ரோல் பம்ப்பை மாற்றியிருந்தார். பிளக்குகளை மாற்றியிருந்தார். காயிலையும் மாற்றியிருந்தார். நோய் மட்டும் மாறவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பேச்சுத் துணைக்கு என்னைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று பானெட்டைத் திறந்தார். மட்கார்டுகளோடு முன்பகுதி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்தது. அக்கணமே நான் செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில், பத்து வயதுச் சிறுவனாக, காரின் முன் டயர்மேல் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் எளிது. ஸ்பிட்ஃபயரும் ட்ரையம்ஃப் ஹெரால்டும் உடன்பிறப்புகள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். அந்த ஹெரால்டுதான் 1960களில் சென்னைக்குத் தெற்கே, வண்டலூரை ஒட்டியிருந்த தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' ஆனது. எத்தனையோ கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்த அதன் எஞ்சின் 948 சிசி. அப்பா தமிழாசிரியர். திருக்குறளில் 948 எந்தக் குறள் என்று வருவோர் போவோரை எல்லாம் கேட்பார். 'மருந்து' அதிகாரத்தில் வருவது அது. நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று அறிந்த பிறகே செயலில் இறங்கவேண்டும் என்று வரிசைப்படுத்துகிற குறள். "எண்ணைப் பார்த்தே வாங்கினேன்" என்பார் அப்பா. நாங்கள் நம்பவில்லை.

கார் நின்றால் அப்பா ஸ்பானரை எடுக்கமாட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுப்பார். தேதி, ஓடிய தூரம், வெயிலா மழையா, மேடா சமதளமா, எவ்வளவு நேரத்துக்குப்பின் மீண்டும் கிளம்பியது எல்லாம் அதில் இருக்கும். "ஏன் நிக்குதுன்னு கேக்காதே. எப்ப நிக்குதுன்னு கேளு" என்பது அவர் சொல். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். எப்போது என்ற கேள்விக்குக் கார் ஒன்றுதான் விடை சொல்லமுடியும்.

மாப்பிள்ளையிடம் அதையே கேட்டேன். காலையில் முதல் திருகலிலேயே கிளம்புகிறது. சுமார் இருபது நிமிடத்தில் இருமி, தயங்கி, நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் விட்டால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்புகிறது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து ஓடவிட்டாலும் இதே கதை. ஆக, தூரமோ மேடோ அல்ல, சூடுதான் தொடர்புடையது. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழி அடைபடுகிறது என்பது மாப்பிள்ளையின் முடிவு. இருக்கலாம். ஆனால் பொறியும் சூட்டில் சாகக்கூடும். எது என்பதை நிற்கிற அந்தக் கணத்தில்தான் பார்க்கமுடியும். குளிர்ந்தபின் ஆராய்வது காய்ச்சல் தணிந்தபின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போன்றது.

ஓடவிட்டுக் காத்திருந்தோம். இருபத்து நான்காம் நிமிடம் நின்றது. உடனே ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, வேறொரு பிளக்கில் மாட்டி, எஞ்சின் உடலோடு அணைத்துப் பிடித்துச் சுழற்றச் சொன்னேன். நீலமாகச் சொடுக்கவேண்டிய பொறி மஞ்சள் நூலாக நெளிந்தது. சற்றுப் பொறுத்துக் கார்புரேட்டரின் மிதவை அறையைத் திறந்து பார்த்தோம். பெட்ரோல் நிறைந்திருந்தது. பெட்ரோல் குற்றவாளியன்று. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயின்ட்டின் முகங்கள் நீலம் பாரித்துக் கருகியிருந்தன.

"கண்டென்சர்" என்றேன்.

"அது புதுசு மச்சான். ஏப்ரல்லதான் சர்வீஸ் பண்ணப்ப மாத்தினேன்."

"கார் எப்பலேர்ந்து நிக்குது?"

அவர் பதில் சொல்லவில்லை. மே மாதம்.

கண்டென்சர் சுண்டுவிரல் நுனியளவு உருளை. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். பாயின்ட் விலகும்போது பாய எத்தனிக்கும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. அதனால் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பல்லாயிரம் வோல்ட் பிளக்குக்குப் போகிறது. அது பழுதானால் மின்சாரம் பாயின்ட்டிலேயே எரிந்து தீரும். இது சூட்டில் மட்டும் பழுதாகிற ரகம், ஆறினால் யோக்கியமாகிவிடும். புதியது என்பதாலேயே யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. பழைய கண்டென்சர் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. அதைப் பொருத்தி, பாயின்ட்டைத் தேய்த்துச் சரிசெய்தோம். ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. தங்கை பாயசம் வைத்தாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2009இல் அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்துகொண்டிருந்தது. 'வாயு' என்றார். நாங்களும் வாயு என்றோம். இஞ்சிச்சாறு, பெருங்காயம், கடையில் வாங்கிய மாத்திரை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். எங்கள் வீடு அப்போது இரண்டாம் மாடியில். முதல் மாடித் திருப்பத்தில் அப்பா கைப்பிடியைப் பற்றி நிற்பார். ஐந்து நிமிடம் கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் ஏறி வருவார். மெதுவாக நடந்தால் கடைத்தெருவரை போய்வருவார். பலமுறை அவர் பின்னால் காய்கறிப் பையோடு நானும் நின்றிருக்கிறேன். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. உழைப்பில் வந்து ஓய்வில் போகிற வலி இதயத்தினுடையதாக இருக்கலாம் என்பதை அந்த நவம்பருக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் ஏன் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஹெரால்டை 1996இலேயே விற்றுவிட்டோம். நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் கார் நின்ற நாட்களெல்லாம் உண்டு. அவர் நின்ற நாட்கள் இல்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலை, கூரையை மடித்துவிட்டுக் கான்லி வழியாக ஒரு சுற்றுப் போய்வந்தோம். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை ஒரு புதிய நோட்டைக் கொண்டுவந்து, முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். கோடுகள் போட்டுத் தேதி, தூரம், வெப்பம் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு, அவருக்கு இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தது என்று கேட்டேன்.